ஐந்தாக அறுத்த நாவலும் அதைப் படித்த ரயில் பெட்டியும்

தாம்பரத்துத் தமிழ் நெஞ்சங்களை ஒரு தாய் பூச்சரம் தொடுப்பதுபோல் தவறாமல் தொடுத்து வைத்திருக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர் தட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே, வாளும் வேலும் வானில் பறக்கும் யானையும் வைத்து எங்கள் வேலை நாள்களுக்கு வண்ணம் தந்தவரும் இந்த மேடையின் நடு நாற்காலியில் நாயகராக அமர்ந்திருப்பவருமான எழுத்தாளர் ஏகநாதன் ஐயா அவர்களே, அவர் எழுத உட்கார்ந்த போதெல்லாம் போனை எடுத்து 'அவர் ஊரில் இல்லை' என்று அலுக்காமல் சொல்லி அந்த எழுத்தைக் காத்த நாகலக்ஷ்மி அம்மா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியவர்களே, மடியில் பிள்ளையும் காலடியில் குடையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றும் முகம் சுளிக்காத சகோதரர்களே, மூன்றாம் வரிசையில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, நான் என்ன உளறப்போகிறேனோ என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும் என் ரயில் தோழிகளே, அவர்களுக்குப் பக்கத்தில், மகள் மைக் பிடிப்பதைப் பார்க்கவென்றே பட்டுப்புடவை கட்டி வந்திருக்கும் என் அம்மா முத்தாலம்மாள் அவர்களே, உங்கள் அனைவருக்கும் ஊரப்பாக்கம் சரிதாவின் உளமார்ந்த வணக்கம்.

மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டுமா அண்ணா? இப்போது கேட்கிறதா? நன்றி.

எனக்கு இங்கே தரப்பட்ட வேலை சின்ன வேலை. வாசகியர் சார்பில் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசி முடித்து, அதோ அந்தத் தாம்பாளத்தில் மடித்து வைத்திருக்கும் சால்வையை ஐயாவின் தோளில் போர்த்த வேண்டும். என் பின்னால் கட்டியிருக்கும் பேனரை எல்லாரும் படித்திருப்பீர்கள். 'எழுத்துப் பணி நிறைவுப் பாராட்டு விழா.' அழகான எழுத்து. அதைப் படித்ததும் என் அம்மா கேட்டார்: "இன்னாடி இது, ரிட்டையர் ஆவறாரா? கதை எழுதறது இன்னா கவர்மெண்டு வேலையா?"

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐயா எழுதிய 'நிழல்மலைக் காவலன்' நம் எல்லாருக்கும் தெரிந்த நாவல். வெயில் இல்லாத வேளையிலும் நிழல் விழுகிற ஒரு மலை. அந்த மலைக்குக் காவலனாகப் பிறந்த வேங்கைமாறன் என்று ஒரு வீரன். அவன் ஊரை எரித்த கொற்றமாதேவி என்று ஒரு ராணி. கடைசிப் பக்கத்தில், ராணியின் மகளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விடுகிறான் வேங்கைமாறன். அங்கே முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகத்தைத்தான் ஐயா எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே இருந்தவர் பாதியில் பேனாவை மூடிவிட்டார். இனி எழுதுவதில்லை என்று தலைவரிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பேனர், அதனால்தான் இந்தச் சால்வை.

எழுதிய பாதி எங்கே இருக்கிறது தெரியுமா? அழைப்பிதழ் கொடுக்கச் சேலையூரில் ஐயா வீட்டுக்குப் போயிருந்தோம். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு. நாகலக்ஷ்மி அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பழைய பேப்பர்காரன் வந்தா எடுத்துக் குடுத்துடுன்னு சொல்லியிருக்கார். நான் அவன் குரல் தெருமுனையில கேட்டாலே கதவச் சாத்திடறேன். எவ்ளோ நாளைக்குத்தான் சாத்தறது?"

அம்மா, சபையில் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். இந்தச் சால்வையை நான் போர்த்தினால் அந்தக் கதவு திறந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் நிறுத்தினார்? காசுக்காகவா? இல்லை. களைப்பா? இல்லை. கண் பார்வையா? அதுவும் இல்லை. நாங்கள்தான் காரணம். மூன்றாம் வரிசையில் இருக்கிறோமே, நாங்கள்.

காலையில் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், நாங்கள் ஐந்து பேர். நான் ஊரப்பாக்கத்தில் ஏறுவேன். மற்ற நால்வரும் தாம்பரத்தில். கிண்டியில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போகிற புஷ்பம் அக்கா. எழும்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் அஞ்சலி. சைதாப்பேட்டையில் இறங்குகிற கல்லூரி மாணவி சினேகா. பாரிமுனைப் பக்கம் புத்தகம் கட்டும் இடத்தில் வேலை செய்யும் தபீதாள் அக்கா. ஏறுவது ஐந்து பேர். இடம் கிடைப்பது ஒருத்திக்கு. மிச்சப்பேர் செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டு நிற்போம்.

அந்தப் பெட்டிக்குள் 'நிழல்மலைக் காவலன்' வந்தான். எல்லாரும் சேர்ந்து வாங்கினோம். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவன் வீரன் மட்டும் அல்ல, கனத்த வீரன். எண்ணூறு பக்கம். மேலே தொங்கும் கைப்பிடியை ஒரு கை பிடித்தாக வேண்டும். மிஞ்சுவது ஒரு கை. ஒரு கையில் அந்தப் புத்தகத்தைப் பிடித்துப் பல்லாவரம் தாண்டிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். ஒரு நாள் வண்டி குலுங்கி, புத்தகம் புஷ்பம் அக்காவின் காலில் விழுந்தது.

"எடுத்துனு போடி இத்த," என்றார் புஷ்பம் அக்கா. "ராட்சசன தாண்டின வீரன் என் கட்டை விரல்ல விழுந்துட்டான்."

அப்போது தபீதாள் அக்கா புத்தகத்தை வாங்கி, முதுகைத் தடவிப் பார்த்தார். "குடுங்க," என்றார். "நாளைக்குக் கொண்டாறேன்."

மறுநாள் கொண்டுவந்தார். ஐந்தாக.

ஐயா, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இவ்வளவு நாள் இதை உங்களிடம் சொல்லும் தைரியம் எங்கள் ஐந்து பேருக்கும் இல்லை. பெற்ற பிள்ளையை அறுத்தோம் என்று பெற்றவரிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் அழகாக அறுத்திருந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் பழைய காலண்டர் அட்டை போட்டு ஒட்டி...

என்ன அக்கா? சபைக்குக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "தையல் பாத்து அறுத்தேன் சார், ஒரு எழுத்துகூட போவல," என்கிறார் தபீதாள் அக்கா. கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா.

ஒரு அட்டையில் முருகன், ஒன்றில் வேளாங்கண்ணி மாதா, ஒன்றில் அருவி, ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் ஒரு பூனைக்குட்டி. யாருக்கு எது கைக்கு வந்ததோ அதை எடுத்துக்கொண்டோம். முதலில் இருந்து படிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கையில் கதை இருக்க, முதல் பகுதி வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எந்த வாசகிக்கு உண்டு? உங்களில் யாருக்கு உண்டு? கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், தலைவர்கூடத் தூக்கவில்லை.

புஷ்பம் அக்காவுக்கு முருகன் கிடைத்தார். அதாவது முதல் பகுதி. ராணி ஊரை எரிக்கிற பகுதி. அஞ்சலிக்கு மாதா. அது நடுப்பகுதி. சிறுமியாக இருந்த ராணியை அவளுடைய சிற்றப்பன்மார் பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போன பகுதி. சினேகாவுக்கு அருவி. அதில் முழுக்க முழுக்கப் போர். தபீதாள் அக்காவிடம் நின்றது பூனைக்குட்டி, கடைசிப் பகுதி. எனக்கு ரோஜாப்பூ. வேங்கைமாறன் மலையேறி, மழையில் நனைந்து, வாள் பழகும் இரண்டாம் பகுதி. அதில் அவன் ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு செய்யவில்லை. அவனைப் போல ஒருவன் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ஏறமாட்டானா என்று நான்... சரி, அது இருக்கட்டும். அம்மா பார்க்கிறார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் போன சித்திரையில், இதே மண்டபத்தில், ஐயா வாசகர்களைச் சந்தித்தார். அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் முழு நாவலைப் படித்திருக்கவில்லை. ஐயா அன்போடு கேட்டார்: "ரயிலில் சேர்ந்து படிக்கிறீர்களாமே? கதை எப்படி இருந்தது?"

புஷ்பம் அக்கா எழுந்தார். "அந்த ராணி சரியான ராட்சசி சார். ஊரயே கொளுத்திட்டு, அப்பால குளிச்சி முழுவி பூ வெச்சிகினு போறா. அவள இன்னும் வுட்டு வெச்சிகினு கீறீங்களே."

அஞ்சலி எழுந்தாள். "சார், அவங்க பேசறத நம்பாதீங்க. இந்த புக்ல மனுஷின்னு ஒருத்தி இருந்தா அது ராணிதான். அந்தக் கிணத்துக்குள்ள அவ பாடற பாட்டைப் படிச்சிட்டு நான் நைட் டியூட்டில அழுதேன்."

தபீதாள் அக்கா எழுந்தார். "ஹீரோன்னு ஒருத்தன வெச்சிருக்கீங்களே, சின்னப் பொண்ண தூக்கினு போய் வெச்சிகினு பேரம் பேசறான். அவன் வீரனா சார்? போலீஸ்ல புடிச்சிக் குடுக்கணும்."

சினேகா எழுந்தாள். "சார், கதையில லேடீஸ் கேரக்டரே இல்லையே. ஏன் சார்?"

ஐயாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று நானும் எழுந்தேன். 'வேங்கைமாறன் ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன் சார்' என்று சொல்லி உட்கார்ந்தேன். எங்களோடு நின்றுவிட்டதா? ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், போர் போதாது என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், போர் அதிகம் என்றார். நம் தலைவர் தட்சிணாமூர்த்தி ஐயா, யானை நடந்தால் போதாதா, எதற்குப் பறக்க வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கும் தலைமையுரையில் கேட்டார். ஐயா, உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் காலை நேரப் பெண்கள் பெட்டிக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். யானை பறந்தால்தான் அங்கே அதற்கு இடம் கிடைக்கும்.

கைதட்டலுக்கு நன்றி. தலைவரும் சிரிக்கிறார், நான் பிழைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன ஐயா, நாகலக்ஷ்மி அம்மாவிடம் சொன்னாராம்: "ஒரே பெட்டியில வர்ற அஞ்சு பேருக்கு அஞ்சு புத்தகமா தெரியுதுன்னா, எனக்கு எழுதத் தெரியலன்னு அர்த்தம் நாகு." அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

ஒரே புத்தகம்தான் ஐயா. ஒரே அச்சு, ஒரே ரயில், ஒரே பெட்டி. ஆனால் உங்கள் எழுத்து எங்களை ஐந்து திசையில் அனுப்பவில்லை. தபீதாள் அக்காவின் கத்திதான் அனுப்பியது. கிணற்றுக்குள் கிடந்த சிறுமியைப் பார்த்தவளுக்கு எரிந்த ஊர் தெரியாது. எரிந்த ஊரைப் பார்த்தவளுக்குக் கிணறு தெரியாது. நீங்கள் பிழை செய்யவில்லை. கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கோபம் இல்லையே ஐயா? இல்லை என்று தலையாட்டுகிறார்.

இந்த இடத்தில் நான் பேச்சை முடித்து உட்கார்ந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியாயிற்று, உள்ளத்துப் பாரம் இறங்கியாயிற்று. ஆனால் மூன்றாம் வரிசை என்னை உட்கார விடாது. ஏனென்றால் உண்மை இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

ஐயா எழுதுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஐந்து பகுதிகளையும் முறையாக, முதலில் இருந்து கடைசி வரை, ஐந்து பேரும் படித்து முடிப்பது. முடித்ததும் ஒரு கருத்துக்கு வந்து, அந்த ஒரே கருத்தை ஐயாவிடம் போய்ச் சொல்வது. எவ்வளவு நல்ல திட்டம், பாருங்கள். மாதா அட்டையை வாங்கிப் புஷ்பம் அக்கா படித்தார். வேலை விட்டுத் திரும்பும் வண்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி அந்தப் பொண்ணு," என்றார். ஆஹா, ஒரு கருத்து வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சொன்னார்: "பாவந்தான். ஒத்துக்கறேன். பாவப்பட்டவன்னா ஊர கொளுத்தலாமா? நானுந்தான் பாவம். நான் எந்த ஊர கொளுத்தினேன்?"

முருகன் அட்டையை அஞ்சலி படித்தாள். "கொளுத்தினது தப்புதான்க்கா. தப்பே இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? ஆனா கிணத்துல கெடந்தப்ப அந்த ஊர்ல ஒருத்தனாவது எட்டிப் பாத்தானா?"

புஷ்பம் அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மீனம்பாக்கம் வந்தது, பழவந்தாங்கல் வந்தது. கிண்டியில் இறங்கும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னார்: "எட்டிப் பாக்கல, தப்புதான். யோசிச்சி நாளைக்கு சொல்றேன்."

வேங்கைமாறன் மலையில் பட்ட பாட்டைப் படித்துவிட்டுத் தபீதாள் அக்கா, அவனைப் போலீசில் கொடுக்க வேண்டாம் என்று இறங்கிவந்தார். ஆனால் மன்னிக்க மாட்டாராம். சினேகா, ராணி இருப்பதை ஒப்புக்கொண்டாள், ஆனால் அந்தப் போர்ப் பகுதியில் ஏன் ஒரு பெண்ணும் இல்லை என்ற கேள்வியை விடவில்லை. நான் பூனைக்குட்டி அட்டையைப் படித்தேன். என் வேங்கைமாறன் ஒரு குழந்தையின் கையைக் கயிற்றால் கட்டுகிறான். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி திறந்தேன். இன்னும் அவன்மேல் எனக்குப் பிரியம் இருக்கிறது. முன்பு இருந்த பிரியம் இல்லை அது. திட்டிக்கொண்டே வைத்திருக்கிற பிரியம்.

இவ்வளவுக்கும் நடுவில் என் அம்மா. அம்மாவுக்குப் படிக்க வராது. அவர் பாத்திரம் துலக்கும்போது நான் வாசலில் உட்கார்ந்து ஐந்து பகுதிகளையும் வாசித்துக் காட்டினேன். அம்மா யார் கட்சியிலும் சேரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "இம்மாம் பெரிய கதையில அந்தப் புள்ள ஒரு வாய் சோறு துன்னல. வெறும் வயித்துல எப்பிடிடி வாள் சுத்துறான்?"

ஐயா குறித்துக்கொள்கிறார். நல்லது. அம்மா, உங்களுக்கு வெற்றி.

ஆக, எங்கள் திட்டம் தோற்றது. ஒரே கருத்தோடு வரலாம் என்று கிளம்பினோம். ஐந்து கருத்தோடுதான் வந்திருக்கிறோம். அப்படியானால் ஐயா பயந்தது சரிதானா? அறுத்துப் படித்தாலும் ஐந்து, சேர்த்துப் படித்தாலும் ஐந்து என்றால், குற்றம் எழுத்தில்தானா?

அவையோரே, இந்தக் கேள்வியை ஒரு வாரமாக ரயிலில் சுமந்தேன். எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

துண்டு துண்டாகப் படித்தபோது நாங்கள் போட்ட சண்டை வேறு. அப்போது புஷ்பம் அக்காவுக்கு அஞ்சலி ஒரு முட்டாள். அஞ்சலிக்குப் புஷ்பம் அக்கா கல்நெஞ்சக்காரி. முழுதும் படித்த பிறகு போடுகிற சண்டை வேறு. இப்போது புஷ்பம் அக்காவுக்கு அஞ்சலியின் நியாயம் தெரியும். தெரிந்தும் தன் நியாயத்தை விடமுடியவில்லை. அதனால்தான் 'யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்' என்று இறங்கிப் போகிறார். சொல்லுங்கள், நம் வீட்டுச் சண்டையில் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொத்துச் சண்டையில் சொல்கிறார்களா? ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் சண்டையில் சொல்கிறார்களா? எதிரே நிற்பவளின் வலியை ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்ட பிறகும் எதிரே நின்று, மறுநாளும் அதே கதவோரம் அவளுக்காக இடம் பிடித்து வைக்கிற சண்டையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

பட்டம் படித்தேன், அது கற்றுத்தரவில்லை. வேலைக்குப் போனேன், அது கற்றுத்தரவில்லை. பறக்கும் யானையும் நிழல் விழும் மலையும் வைத்து ஒருவர் எழுதிய கதை கற்றுத்தந்தது. ஐயா, ராணி நல்லவளா கெட்டவளா என்று ஒரே அடியாகச் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டுக்கொண்டு கிண்டியில் மறந்திருப்போம். நீங்கள் கிணற்றையும் காட்டினீர்கள். தீயையும் காட்டினீர்கள். அது எழுதத் தெரியாதவர் கை செய்த வேலையா? தெரிந்த கை செய்த வேலை.

ஐயா, உங்களிடம் தீர்ப்பு கேட்டது யார்? நாங்கள் கேட்கவில்லை. நடந்ததை எழுதுங்கள். வேங்கைமாறன் என்ன செய்தான், ராணி எங்கே போனாள், அந்தச் சின்னப் பெண்ணின் கைக்கட்டு அவிழ்ந்ததா, அதை எழுதுங்கள். தீர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒத்துவராது. வருஷக்கணக்கில் ஒத்துவராது. அதைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்? அது எங்கள் வேலை, எங்கள் ரயில்.

தலைவர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். சால்வையை எடுத்து வரச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்கள். நல்ல சால்வை. தேர்ந்தெடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் இதை நான் போர்த்தமாட்டேன். வேறு யார் போர்த்தினாலும் எனக்கு வருத்தம் இல்லை. வாசகியர் சார்பில் போர்த்தச் சொன்னால், வாசகியர் இன்னும் படித்து முடிக்கவில்லை. பாதிக் கதை செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் கிடக்கும்போது பணி எப்படி நிறைவாகும்?

இல்லை அண்ணா, தாம்பாளத்தை அங்கேயே வையுங்கள்.

ஐயா ஏதோ சொல்கிறார். ஒரு நிமிஷம். ஐயா, மைக் வேண்டுமா? வேண்டாமாம். சொல்லுங்கள் ஐயா, நான் சபைக்குச் சொல்கிறேன்.

எழுத முடியாமல் நின்றுபோன இடம் எது என்று சொல்கிறார். ராணிக்கு ஓலை வருகிறதாம். மகள் வேண்டுமானால் படை இல்லாமல், ஆயுதம் இல்லாமல், தனியாகப் படகில் ஏறி வா என்று வேங்கைமாறன் எழுதியிருக்கிறான். படகு கரையில் நிற்கிறது. ராணி தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி நிற்கிறாள். ஏறுவாளா, திரும்புவாளா என்று தெரியாமல் அந்த இடத்தில் பேனாவை மூடினாராம். ஏறினாலும் பாதிப்பேர் திட்டுவார்கள், திரும்பினாலும் பாதிப்பேர் திட்டுவார்கள் என்கிறார்.

அஞ்சலி, உட்கார். "ஏறுவா சார், பெத்தவ ஏறாம இருப்பாளா," என்கிறாள். புஷ்பம் அக்கா, நீங்களுமா? "சும்மா ஏற மாட்டா. கத்திய இடுப்புல சொருவிகினுதான் ஏறுவா," என்கிறார். சுவரோரம் நிற்கும் சகோதரர் என்ன சொல்கிறார்? படகில் ஓட்டை இருக்கும் என்கிறார். தலைவர் ஐயா, நீங்கள்கூடவா? பறக்கும் யானை இருக்கும்போது ராணி எதற்குப் படகில் ஏற வேண்டும் என்று கேட்கிறார்.

அமைதி, அமைதி. சகோதரர்களே, நாற்காலியை இழுக்காதீர்கள். எழுதாத பக்கத்துக்கே இந்தப் பாடு என்றால்...

நாகலக்ஷ்மி அம்மா சிரிக்கிறார். ஐயா எழுந்து வருகிறார். மைக்குக்கு வருகிறார் என்று நினைத்தேன், இல்லை. அழைப்பிதழின் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார். என்னிடம் பேனா கேட்கிறார்.

கொடுத்துவிட்டேன். இனி நான் பேசினால் அவருக்கு இடைஞ்சல். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், சண்டையை விடாத என் தோழிகளுக்கும், சாந்தமே உருவான தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லாரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வணக்கம்.